மீற்றர் தெரியாத சமன்பாடுகள்

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். உடனே பதில் போட முடியாமல் போனதற்கு அரிவு வெட்டுத்தான் காரணம். வெட்டுகிற மெஷின் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்த அன்று பார்த்து மழை. ஒருவாறு நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். விலையைப் பற்றித் தொடங்கினால் கடிதம் முழுக்க அதுதான் வரும், விடு. இனிச் சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்கு என்ற இழுபறி தொடங்கும். மகள் அறிவியல் நகரில் பொறியியல் இரண்டாம் வருடம். உன் கேள்வியை அவளுக்கும் காட்டினேன். "சோதனைக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மின்புலம், காந்தப்புலம், ஒளி மூன்றையும் விவரிக்கும் மக்ஸ்வெல் சமன்பாடுகளுக்கு லொரென்ஸ் சமச்சீரை விடப் பெரிய சமச்சீர் ஒன்று உண்டாமே, கம்பஸில் ஒருவரும் சொல்லவில்லையே, அதால் என்ன பயன் என்று கேட்டிருந்தாய். உண்மைதான், உண்டு. சமச்சீர் என்றால் சமன்பாட்டின் வடிவத்தைக் கெடுக்காத உருமாற்றம்; சீரான வேகத்தில் ஓடுகிற ஒருவரின் பார்வைக்கு மாறினாலும் சமன்பாடு மாறாது என்பது லொரென்ஸ் சமச்சீர். ஐன்ஸ்டைனின் 1905 சார்புக் கொள்கைக் கட்டுரை வந்து நாலு வருடத்தில், 1909இலேயே, ஹரி பேற்மனும் எபனேசர் கனிங்காமும் அதைக் கண்டுவிட்டார்கள். இரண்டு பேரும் கேம்பிரிட்ஜில் படித்தவர்கள், லிவர்பூலில் கொஞ்சக் காலம் ஒன்றாகப் படிப்பித்தவர்கள்.

சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். வன்னிக்குள் பற்றரி வராத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நீ பெடலைக் கையால் சுற்ற, நான் சிற்றலையில் தமிழோசையைத் தேடுவேன். உனக்குக் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்துவிடும். அந்த றேடியோவின் முகப்பில் 25, 31, 41 என்று மீற்றர் கணக்கு எழுதியிருந்ததே, வெற்றுவெளிக்கான மக்ஸ்வெல் சமன்பாடுகளுக்கு அந்த எண்களில் ஒன்றுகூடத் தெரியாது. ஒரு தீர்வை எடுத்து நீளத்தையும் நேரத்தையும் இருமடங்காக்கினால் வருவதும் தீர்வுதான். 31 மீற்றர் அலை 62 மீற்றர் ஆகும், மீடிறன் பாதியாகும், வேகம் அப்படியே இருக்கும். மீற்றரைக் கொண்டுவந்து சேர்த்தவை சுருளும் கொள்ளளவியும் அன்ரனாக் கம்பியும்தான்.

இவ்வளவும் உனக்குத் தெரிந்ததுதான். பேற்மனும் கனிங்காமும் இதற்கு மேலே போனார்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பெருப்பிக்க வேண்டும் என்றில்லை, இடத்துக்கிடம் வேறுவேறு அளவில் இழுக்கலாம், கோணம் மட்டும் கெடக்கூடாது என்றார்கள். அப்படி ஒரு இழுப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க, பிள்ளைகளின் பழைய விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் 4 சென்ரிமீற்றர் ஆரையில் ஒரு வட்டம் போட்டேன். மையத்திலிருந்து 8 சென்ரிமீற்றரில் இருக்கும் புள்ளி 2 சென்ரிமீற்றருக்கு வரும், 2இல் இருப்பது 8க்குப் போகும். இரண்டு தூரத்தையும் பெருக்கினால் எப்போதும் 16. சதுரக் கட்டங்களை இப்படி மாற்றிக் கீறினால் மையத்தின் ஊடாகப் போகாத ஒவ்வொரு நேர்கோடும் மையத்தின் ஊடாகப் போகும் வட்டமாகிவிடுகிறது. ஆனால் அவை வெட்டுகிற இடத்தில் தொடலிகளைக் கீறி மூலைமட்டத்தை வைத்துப் பார், செங்கோணம் அச்சொட்டாக இருக்கும். கெல்வின் பிரபு, அப்போது வெறும் வில்லியம் தொம்சன், 1845இல் இதே தந்திரத்தை நிலைமின்னியலுக்குப் பயன்படுத்தி அதைப் பிரான்சிலிருந்த கணிதவியலாளர் லியூவிலுக்குக் கடிதமாகத்தான் எழுதினார்.

வெளியோடு நேரத்தையும் சேர்த்து நாலு பரிமாணத்தில் இதையே செய்யலாம். வட்டத்தில் செய்ததுபோல் உள்ளே வெளியே புரட்டி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி புரட்டினால் நாலு புது உருமாற்றங்கள் வரும். அளவு மாற்றம் ஒன்று. ஐன்ஸ்டைனுக்குத் தேவைப்பட்ட பத்தோடு (இட, நேர நகர்த்தல் நாலு, திருப்பல் மூன்று, வேக மாற்றம் மூன்று) சேர்த்து மொத்தம் 15.

பாடப்புத்தகங்கள் இதை விட்டுவிடுவதற்குக் காரணம் இலத்திரன். அதற்குத் திணிவு உண்டு. ஏற்றம், திணிவு, ஒளிவேகம் மூன்றையும் சேர்த்தவுடன் 2.8 × 10⁻¹⁵ மீற்றர் என்று ஒரு நீளம் வந்து குந்திவிடுகிறது, சமச்சீர் உடைகிறது. அதற்காக முழுவதையும் ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெற்றுவெளியில் போகும் ஒளிக்கு அது முழுதாக நிற்கிறதே!

பயன் கேட்டாய் அல்லவா? ஒவ்வொரு தொடர்ச்சியான சமச்சீருக்கும் ஒரு காப்பு விதி உண்டு என்கிற நோதரின் 1918 தேற்றத்தை வைத்து, கணிதவியலாளர் பெசல்-ஹாகன் 1921இல் இந்தப் பதினைந்துக்கும் உரிய காப்பு விதிகளை எழுதினார். புதிய ஐந்தில் இரண்டைச் சேர்த்தால் வருவது இது: வெற்றுவெளியில் ஒரு ஒளித்துடிப்பை விட்டுவிடு. அது கோளமாக விரியட்டும், ஒரு பக்கமாக ஓடட்டும், சிதறிப் பிய்ந்து போகட்டும். ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் சக்தியின் அளவை வைத்து, நிலையான ஒரு புள்ளியிலிருந்தான தூரத்தின் வர்க்கத்துக்குச் சராசரி எடு. அந்தச் சராசரி நேரத்தின் இருபடிக் கோவை. நேரத்தின் வர்க்கத்துக்கு முன்னால் வரும் குணகம் சரியாக ஒளிவேகத்தின் வர்க்கம், துடிப்பின் வடிவம் எதுவானாலும் சரி. இவ்வளவு குழப்பமான ஒன்றுக்குள் இப்படி ஒரு ஒழுங்கு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நிறுவல் அரைப்பக்கம்கூட வராது, அதனால் நான் எழுதவில்லை. மூன்று திசைகளிலும் உள்ள ஒளியின் அமுக்கங்களைக் கூட்டினால் சக்தி அடர்த்தி வரும் என்பது ஒன்று போதும். அந்தச் சராசரியை நேரத்தால் இருமுறை வகையிட்டுப் பார். மகளுக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறேன், யார் முதலில் செய்கிறீர்கள் என்று பார்ப்போம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் நண்பன்