செவப்பா இருந்தா மட்டும் போதாது பாப்பா

பாப்பா, நல்லாருக்கியா. நீ அனுப்புன போட்டோவ அம்மாவும் நானும் பாத்தோம், சிங்கப்பூர் கால்வாய் ஓரத்துல செவப்புத் தட்டான், நம்ம பர்மா பெகு ஊரு வயக்காட்டுல இருக்கிறதேதானாப்பான்னு கேட்டிருந்த. அதுவாத்தான் இருக்கும், ஆனா செவப்ப மட்டும் வச்சு முடிவு பண்ணாத, செவப்புலயே பல ஜாதி இருக்கு. மூஞ்சி, நெஞ்சு, கால் எல்லாமே செவப்பா இருக்கணும், வால் மேல நடுவுல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு ஓடணும், றெக்க ஒடம்போட ஒட்டுற எடத்துல தேன் கலர்ல திட்டு இருக்கணும். வால் மட்டும் செவந்து நெஞ்சு பழுப்பா இருந்தா அது வேற. இதுல கூத்து என்னன்னா இதோட பொட்ட செவப்பே கெடையாது, மஞ்சள், இளசா இருக்கிற ஆணும் மஞ்சள்தான், ஆனா அந்தக் கறுப்புக் கோடு பொட்டைக்கும் உண்டு, அதனாலதான் கலர நம்பாதன்னு சொல்றேன்.

ஒல்லியா இருந்து, உக்காரும்போது றெக்கைய முதுகு மேல சேத்து மடக்குச்சுன்னா அது ஊசித்தட்டான். சிலது அதுலயும் பாதி விரிச்சு வச்சு ஏமாத்தும், அப்ப கண்ணப் பாரு, ரெண்டும் தலையோட ரெண்டு ஓரத்துல தள்ளித் தள்ளி இருக்கும்.

இங்க மழ புடிச்சிருச்சு, நாத்து நட்டாச்சு. வரப்புல அந்தக் குட்டித் தட்டான் வந்துருச்சு, றெக்கையில பாதி கறுப்பு, அப்புறம் வெள்ளப் பட்ட, நுனி மட்டும் கண்ணாடி மாதிரி, ரொம்ப தூரம் பறக்காது பாவம், நெல்லுக்கு மேலயே தத்தும். அதப் புடிச்சுத் திங்கிறதுக்குன்னே பச்சையும் கறுப்புமா கோடு போட்டவன் ஒருத்தன் குச்சியில உக்காந்திருப்பான், வால் நெஞ்சோட ஒட்டுற எடத்துல உப்பி நடுவுல இடுப்பு மாதிரி சிறுத்திருக்கும், சக தட்டானையே திங்கிற ரவுடி. சாயங்காலம் கூட்டமா சுத்துற மஞ்சத் தட்டான் இருக்கே, அது லேசுல உக்காராது, உக்காந்தாலும் குச்சியில தொங்கும், கடல் தாண்டிப் போற ஜாதி, இந்தியாவுலேர்ந்து மாலத்தீவு வழியா ஆப்பிரிக்கா வரைக்கும் போகுதுங்கிறாங்க.

மத்தியான வெயில்ல வாலத் தூக்கி சூரியனப் பாத்து நிமித்தி வச்சிருந்தா அடிபட்டிருச்சோன்னு நெனைக்காத, ஒடம்புல வெயில் கம்மியா படுறதுக்குத்தான் அப்படி நிக்கும். அடுத்த தடவ பக்கவாட்டுல நின்னு எடுத்து அனுப்பு, மேலேர்ந்து எடுத்தா கால் தெரியமாட்டேங்குது. நீ போட்ட காசு வந்துருச்சு, அம்மா சொல்லச் சொன்னா.

அப்பா