தம்பிக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. உன் பட்டறைப் படத்தை அக்கா போனில் காட்டினாள். லோரிக்கு அலுமினிய ரேம்ப் செய்கிறாயாமே. 12 மில்லித் தகட்டை வெட்டிய ஓரம் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. மில் ஒர்க்‌ஷாப்பில் கூட எல்லோருக்கும் அப்படி வராது. அம்மாதான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, "ஏன் இடது கையைப் பின்னால் வைத்திருக்கிறான்?" என்றாள். நிற்கிற நிற்பு அப்படி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

படத்தில் மூலையில் ஒரு கிரைண்டரும் தெரிந்தது. அதில் இரும்பு வெட்டும் கல்லைப் போட்டு அலுமினியத்தைத் தொடாதே. அலுமினியம் கல்லில் அப்பிக்கொள்ளும், சூடேறும், கல் தெறித்துவிடும். சர்குலர் சா, அந்த வட்ட ரம்பம் போதும். கார்பைட் முனை வைத்த, அலுமினியத்துக்கென்று விற்கிற பிளேடு வாங்கு. பல் முன்னால் சாய்ந்து நிற்கிற மரப் பிளேடு தகட்டைக் கவ்வி இழுக்கும். தடித்த தகட்டுக்குப் பல் நெருக்கமாக இருந்தாலும் ஆகாது. சீவல் போக இடமில்லாமல் பல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். மெழுகு தடவு, இல்லையென்றால் கட்டிங் ஆயில். பிளேடு தகட்டுக்குக் கீழே கொஞ்சம் நீட்டினால் போதும்.

கிளாம்ப் போடு. கையால் பிடித்துக்கொண்டு வெட்டாதே. நாலுக்கு எட்டடி முழுத் தகடு 96 கிலோ வரும், மறுமுனையை யார் தாங்குகிறார்கள்? இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்காவிட்டால் வெட்டுவாய் இறுகி பிளேடு சிக்கும், ரம்பம் உன் பக்கம் உதைக்கும். கையுறை போட்டால் பத்திரம் என்று நினைக்காதே. சுற்றுகிற பல்லில் துணி மாட்டினால் விரலும் சேர்ந்துதான் போகும். கண்ணாடி போடு, காதை அடை. வெட்டிய துண்டை உடனே தொடாதே. இரும்பு மாதிரி சிவந்து காட்டாது, பார்க்கப் பச்சைத்தண்ணி போலிருக்கும், தோலை உரித்துவிடும்.

தீபாவளிக்கு ஆர்டர் என்றாய். தைப்பூசத்துக்கும் ஆர்டர். தொழில் நடக்கிறதே என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிறேன், பொய்யில்லை. ஆனால் ஜொகூர் பாரு என்ன சீமையிலா இருக்கிறது? ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது ஈப்போ. முன்பு பக்கம் பக்கமாக மெசேஜ் அடிப்பாய். இப்போது வாய்ஸ் மட்டும்தான் வருகிறது. வேலை அதிகமோ என்னவோ.

சொந்தத் தொழில்காரர்களுக்கும் சொக்சோ, அதாவது வேலையில் அடிபட்டால் உதவுகிற காப்புறுதி, உண்டு, அதற்கு 2017இலேயே சட்டம் வந்துவிட்டது. நீ பதிந்தாயா? ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன். பதியாவிட்டால் இந்த வாரமே போய்ப் பதிந்துவிடு. மருத்துவச் செலவு ஏதாவது இருந்தால் அக்காவிடம் சொல்ல வேண்டாம், என்னிடம் சொல். சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் இன்னும் தொடாமல் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பழைய வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். மாமா முழங்கால் வலி என்று படுத்திருக்கிறார். வேறு விசேஷம் இல்லை.

கிளாம்ப் போடாமல் வெட்டாதே, சரியா? அவசர ஆர்டர் என்றாலும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. போனைக் கையில் பிடிக்காமல் மேசை மேல் சாத்தி வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பேசு. முகம் மட்டும் தெரிந்தால் அம்மாவுக்குப் போதவில்லையாம்.

அப்பா