எல்டன் ரிங் கதையைத் தமிழில் ஒலிக்கச் செய்வோம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். எல்டன் ரிங் என்னும் காணொளி விளையாட்டின் கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தமிழில் விளக்கிச் சொல்லும் வலையொலித் தொடர் ஒன்றை உருவாக்கும் பணியில் நாங்கள் ஈடுபட்டிருக்கிறோம். 12 பகுதிகள் கொண்ட இத்தொடரின் எழுத்துப் பணி பெருமளவு முடிந்துவிட்டது. ஒலிப்பதிவுக்கும் தொகுப்புக்கும் தேவையான பணத்தில் ஒரு பகுதியை உறுப்பினர்களே போட்டுவிட்டோம். எஞ்சியதற்காக உங்களிடம் வந்திருக்கிறோம். பணம் கேட்கிறவர்கள் எதற்காகக் கேட்கிறோம் என்பதை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதால் இவ்வேண்டுகோள் சற்று நீண்டிருக்கிறது. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்த இவ்விளையாட்டு, 2024 ஜூன் மாதத்திற்குள் 2.5 கோடி பிரதிகளுக்கு மேல் விற்பனையானது. இதை இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. கதை தொடங்குவதற்கு முந்தைய காலத்தின் புராணத்தை எழுதித் தந்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். இத்தனை பேர் ஆடிய விளையாட்டாக இருந்தும், நூறு மணி நேரம் செலவழித்து ஆடி முடித்த ஒருவரிடம் கதையைக் கேட்டால், யாரை வீழ்த்தினோம் என்று சொல்வாரே தவிர, ஏன் வீழ்த்தினோம் என்று சொல்லத் தடுமாறுவார். அது அவருடைய குறையன்று. இவ்விளையாட்டு தன் கதையை எந்த இடத்திலும் வரிசையாகச் சொல்வதில்லை. ஒரு வாளின் குறிப்பில் இரண்டு வரி, இறந்துபோன வீரனின் கவசத்தில் ஒரு வரி, இடிந்த கோயிலின் மூலையில் நிற்கும் ஒரு சிலை, எங்கோ ஓரிடத்தில் கிழவி ஒருத்தி முணுமுணுக்கும் பாதி வாக்கியம் என்று சிதறிக் கிடப்பதைத் தேடிப் பொறுக்கிக் கோத்துக்கொள்வது ஆடுபவரின் பொறுப்பாக விடப்பட்டிருக்கிறது. வறிய குடும்பத்தில் பிறந்த மியாசாகி, சிறுவயதில் நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஆங்கிலப் புத்தகங்களில் தமக்குப் புரியாத பகுதிகளைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டே படித்ததாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த வாசிப்பு அனுபவமே அவருடைய கதைசொல்லும் முறையாக மாறியிருக்கிறது என்று நாங்கள் கருதுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். பொன்மரம் எனப்படும் மாபெரும் மரத்தின் அடியில் அமைந்த லேண்டெல் என்னும் தலைநகரில் ராடகன் என்பவரின் சிலை ஒன்று நிற்கிறது. அரசி மரிக்காவின் இரண்டாம் கணவர் அவர். சிலைக்கு எதிரே தரையில், பின்னோக்கித் திரும்புதலே இரகசியத்தை வெளிப்படுத்தும் என்னும் பொருளில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. பலர் அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் ‘பின்னேகுதலின் விதி’ என்ற மந்திரத்தைக் கற்று, அதைப் பயன்படுத்தத் தேவையான 37 என்ற அளவுக்குத் தம் பாத்திரத்தின் அறிவுத்திறனையும் உயர்த்திக்கொண்டு, அவ்விடத்தில் நின்று அம்மந்திரத்தை ஓதினால், சிலை கண்ணெதிரே உருமாறி மரிக்காவாகிறது. தரையில் இருந்த வாசகமும் மாறி, ராடகனே மரிக்கா என்கிறது. கணவனும் மனைவியும் ஒரே ஆள் என்ற, மொத்தக் கதையின் அச்சாணியான செய்தி, மந்திரப் பயிற்சியை விட்டு வாளின் வலிமையை மட்டுமே நம்பி ஆடுபவரின் கண்ணில் இவ்விடத்தில் படவே படாது. இறுதிப் போரில் மரிக்காவின் உடல் ராடகனாக மாறி எதிரே நிற்கும்போது அவருக்குத் திகைப்பு உண்டாகும்; காரணம் விளங்காது. இதே செய்தியைப் பொன்முகமூடி அணிந்து, வாய் திறவாமல் விரலசைவால் மட்டுமே சிந்திக்கும் ஞானி ஒருவரிடம் கொண்டு சேர்த்தால், கதை இன்னொரு முடிவை நோக்கி நகர்கிறது.

இத்தகைய கதையைத் தனி ஒருவர் விளக்கிவிட முடியாது என்பதே எங்கள் குழு தோன்றியதற்குக் காரணம். கரிய கத்திகளின் இரவு என்று சொல்லப்படும் அந்தக் கொலை இரவை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மரிக்காவின் மகன் காட்வினின் ஆன்மா மட்டும் மடிந்தது. ரன்னி என்னும் இளவரசியின் உடல் மட்டும் மடிந்தது. ஒரே மரணம் இருவருக்குமாக இரண்டு பாதியாகப் பிளந்தது என்பதற்கான சான்று, லியூர்னியா என்னும் பகுதியின் தெய்வக் கோபுரத்து உச்சியில், ரன்னி கைவிட்டுச் சென்ற உடலின் அருகில்தான் கிடைக்கிறது. அந்தக் கோபுரத்தை அடைய ஒரு பாடசாலைக் கட்டடத்தையே தலைகீழாகத் திருப்ப வேண்டும். ஆன்மா இல்லாமல் எஞ்சிய காட்வினின் உடல் பொன்மரத்தின் வேரடியில் புதைக்கப்பட்டு, அழுகியும் வளர்ந்தும் நாடெங்கும் சாவின் வேர்களைப் பரப்புகிறது. ஸ்டார்ம்வீல் கோட்டையின் அடித்தளத்தில் நாம் காணும் கோர முகம் யாருடையது என்பது அப்போதுதான் துலங்கும். அந்த முகத்தை ஆராயச் சென்று கால்கள் செயலிழந்து வட்டமேசைக் கூடத்தில் அமர்ந்திருக்கும் ரோஜியர் என்னும் மந்திரவாதி சொல்வதையும், நிலவறையில் கிடைக்கும் கத்தித் தடத்தையும், ரன்னியின் வாக்குமூலத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த இரவு முழு உருப் பெறும். எங்கள் குழுவில் ரன்னியின் வழியே சென்று ஆடியவர்கள் வேறு, ரோஜியரிடம் பேசிப் பேசித் தொடர்ந்தவர்கள் வேறு. இருவர் குறிப்புகளும் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்டபோதே மூன்றாம் பகுதியின் எழுத்துப் படி உருவானது.

2024 ஜூன் 21 அன்று வெளிவந்த, இவ்விளையாட்டின் கூடுதல் பகுதியான விரிவாக்கம் இப்பணியை மேலும் கடினமாகவும் மேலும் அவசியமாகவும் ஆக்கியது. மோக் என்பவன் மிக்கெல்லா என்ற குழந்தை வடிவத் தெய்வப் பிறவியைக் கடத்திச் சென்றான் என்றுதான் அதுவரை ஏறத்தாழ எல்லோரும் புரிந்துகொண்டிருந்தார்கள். மோக்கிடம் பணிபுரிந்த ஆன்ஸ்பாக் என்னும் முதியவரின் வாயிலாக, மயக்கியவர் மிக்கெல்லாவே என்பதும் மோக் மயக்கப்பட்டவன் என்பதும் வெளிப்பட்டன. மரிக்காவின் பிறந்த ஊர் ஆளரவமற்றுக் கிடப்பதையும், குணப்படுத்த எவரும் எஞ்சவில்லை என்று தெரிந்தே அவள் அந்த ஊரைப் பொன்னொளியில் நனைத்தாள் என்று ஒரு மந்திரத்தின் குறிப்பு சொல்வதையும் கண்ட பிறகு, கொடுங்கோல் அரசியாக மட்டும் அவளைப் பார்ப்பது எங்களில் பலருக்கும் இயலாமல் போயிற்று. அந்தக் குறிப்பு மிகச் சிறியது. அதைத் தவறவிட்டு ஆட்டத்தை முடித்தவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற ஆசையும் இத்தொடருக்குப் பின்னால் இருக்கிறது.

இவற்றுள் எது மூலத்திலேயே உள்ளது, எது ஊகம், எது இன்னும் சர்ச்சையில் இருக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்வதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். கொலை இரவில் மரிக்காவுக்கும் பங்கு உண்டா என்ற கேள்விக்கு எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சிகள் உண்டு. இரண்டின் வாதங்களும் தொடரில் இடம்பெறும், தீர்ப்பு இடம்பெறாது. ஒவ்வொரு கூற்றும் எந்தப் பொருளின் குறிப்பிலிருந்து அல்லது எந்தப் பாத்திரத்தின் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டது என்பது அந்தந்த இடத்திலேயே குரலில் சொல்லப்படும். மூல வாசகங்களை விளக்கத்திற்குத் தேவையான அளவு மட்டுமே மேற்கோள் காட்டுகிறோம். விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்துக்கோ வெளியிட்ட நிறுவனத்துக்கோ எங்களுடன் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதையும் இங்கே தெளிவுபடுத்த விரும்புகிறோம்.

தமிழில் ஏன், அதுவும் ஒலி வடிவில் ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். இவ்விளையாட்டில் குரல் நடிப்பு ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. எழுத்து வடிவில் பல மொழிகள் இருந்தும் இந்திய மொழி எதுவும் இல்லை. பழமையான நடையில் எழுதப்பட்ட அந்த ஆங்கிலம், தமிழ்வழியில் படித்த இளைஞர்களுக்கு மட்டுமன்றி ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கும் எளிதில் பிடிபடுவதில்லை. மேலும், பொருட்களின் குறிப்புகள் எதுவும் விளையாட்டில் குரலில் வாசிக்கப்படுவதில்லை. நண்பர்கள் ஆடும்போது அருகில் அமர்ந்து வாள்களின் ஓசையையும் அரக்கர்களின் உறுமலையும் கேட்டுக்கொண்டிருக்கும் பார்வையற்ற இரசிகர்கள் எங்கள் குழுவிலேயே இருவர் இருக்கிறார்கள். கதையின் முக்கால்வாசி எழுத்திலேயே புதைந்திருப்பதால் அவர்களுக்கு எட்டியது ஓசை மட்டுமே. அவர்கள் கேட்ட கேள்விகளைக் கொண்டே தொடரின் வடிவத்தை அமைத்தோம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் இடைமறித்து இடைமறித்துக் கேட்கக் கேட்கக் கதை அவிழ்வது போல, ஒவ்வொரு பகுதியிலும் கதையறிந்த ஒரு குரலும் விளையாட்டையே ஆடியறியாத ஒரு குரலும் உரையாடும். இரண்டாம் குரலுக்குப் புரியாத எந்தப் பத்தியும் இறுதிப் படியில் இருக்காது.

மதுரை, கோவை, புதுச்சேரி, பெங்களூரு, யாழ்ப்பாணம், டொராண்டோ ஆகிய ஊர்களில் இருந்துகொண்டு இணையம் வழியாகவே நாங்கள் வேலை செய்கிறோம். ஒருவர் குறிப்புகளைத் திரைப்பிடிப்பாக எடுத்து அனுப்ப, மற்றொருவர் ஜப்பானிய மூலத்துடன் ஒப்பிட, மூன்றாமவர் தமிழில் எழுத, நான்காமவர் கேட்பவராக அமர்ந்து திருத்துகிறார். பேசுபவர்கள் அவரவர் வீட்டிலேயே தனித்தனியாகப் பதிவு செய்து, ஒரே நேரத்தில் கைதட்டி அந்த ஓசையை அடையாளமாக வைத்துத் தொகுப்பாளருக்கு அனுப்புகிறார்கள். சோதனைக்காகப் பதிவு செய்த முதல் பகுதியைக் கேட்டபோது உள்ளடக்கத்தில் நிறைவும் ஒலியில் நிறைவின்மையும் ஏற்பட்டன. ஒரு குரல் அருகிலும் மற்றது கிணற்றுக்குள்ளிருந்தும் வந்தன. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசியும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் ரன்னியின் வாக்குமூலத்தின் நடுவே விழுந்திருந்தது. கைப்பேசியின் ஒலிவாங்கி அறையிலுள்ள அத்தனை ஓசையையும் அள்ளிக்கொள்கிறது. வாய்க்கு அருகில் வைத்துப் பேசும் டைனமிக் வகை ஒலிவாங்கிகள் சுற்றோசையைப் பெருமளவு குறைக்கும் என்று தொகுப்பாளர் பரிந்துரைத்திருக்கிறார். இரவல் வாங்கிச் சோதித்தும் பார்த்தோம், வேறுபாடு முதல் நிமிடத்திலேயே தெரிந்தது.

மொத்தச் செலவு ரூ. 1,28,000 என மதிப்பிட்டிருக்கிறோம். இதில் பெரும்பங்கு தொகுப்பாளருக்குரியது: பகுதி ஒன்றுக்கு ரூ. 3,500 வீதம் 12 பகுதிகளுக்கு ரூ. 42,000. எழுதுபவர்களும் பேசுபவர்களும் ஊதியமின்றிப் பணியாற்றுகிறோம். ஆனால் ஒலித்தொகுப்பையே தொழிலாகக் கொண்டவரிடம் இலவசமாக உழைக்கக் கேட்பது முறையன்று என்பதில் குழு ஒருமனதாக உள்ளது. விளையாட்டின் இசையை எடுத்துப் பயன்படுத்த எங்களுக்கு உரிமை இல்லாததால், முகப்பிசையையும் இடையிசையையும் புதிதாக அமைத்துத் தரும் இளம் இசைக்கலைஞருக்கு ரூ. 25,000 ஒதுக்கியிருக்கிறோம். நான்கு ஒலிவாங்கிகளுக்கு ரூ. 24,000, ஈராண்டுகளுக்கு ஒலிக்கோப்புகளைச் சேமித்து வழங்கும் சேவைக்கு ரூ. 19,000, செவித்திறன் குறைந்தவர்களும் படிக்கும்படி ஒவ்வொரு பகுதியையும் எழுத்தாக்கிப் பிழைதிருத்த ரூ. 18,000 ஆகும். உறுப்பினர்களின் பங்காக ரூ. 43,000 சேர்ந்துவிட்டது. எஞ்சிய ரூ. 85,000 மட்டுமே நாங்கள் வேண்டுவது.

ரூ. 100 தருபவரும் ரூ. 3,500 தந்து ஒரு பகுதியின் தொகுப்புச் செலவை முழுமையாக ஏற்பவரும் எங்களுக்கு ஒன்றே. மாணவர்கள் தங்கள் கைச்செலவைச் சுருக்கிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். அவர்கள் தொடரைச் செவிமடுத்தால் போதும். தொடர் முழுவதும் கட்டணமின்றி, விளம்பரமின்றி வெளிவரும். நன்கொடை தந்தவர்களுக்கு முன்கூட்டியே வெளியிடுவது போன்ற தனிச்சலுகை எதுவும் இருக்காது.

சட்டம் தொடர்பான இரண்டு செய்திகளைத் தவறாது கவனிக்க வேண்டுகிறோம். எங்கள் குழு பதிவு பெற்ற அறக்கட்டளை அன்று. ஆகவே நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடைக்காது. அடுத்து, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 இன்படி, அதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் பிற நாட்டுக் குடிமக்களிடம் நாங்கள் பணம் பெற இயலாது. இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் வாழ்பவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்குத் தடையில்லை. இலங்கை, மலேசியா, கனடா முதலிய நாடுகளின் குடிமக்களாகிய தமிழ் நண்பர்கள் பணம் அனுப்ப வேண்டாம். இந்தச் சட்டத்தால் அவர்கள் விலகி நிற்க நேர்ந்துவிடக் கூடாது என்று பெரிதும் விரும்புகிறோம். எழுத்தாக்கங்களைச் சரிபார்க்கவும், ஜப்பானியம் அறிந்தவராயின் மூலத்துடன் ஒப்பிடவும், ஈழத்து வழக்கில் ஓரிரு பகுதிகளுக்குக் குரல் கொடுக்கவும் அவர்கள் முன்வந்தால், பணத்தைவிடப் பெரிய உதவியாக அதை ஏற்போம். யாழ்ப்பாணத்து உறுப்பினர் ஒருவர் ஏற்கெனவே ஐந்தாம் பகுதியைப் பேசிப் பழகி வருகிறார்.

வங்கிக் கணக்கு விவரமும் யுபிஐ குறியீடும் இவ்வேண்டுகோளுடன் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன. கணக்கிலிருந்து பணம் எடுக்கப் பொருளாளர், செயலாளர் ஆகிய இருவரின் ஒப்புதலும் தேவை. பணம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டு அனுப்பப்படும். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் அனுப்பும்போதே குறிப்பிடுங்கள். மாதந்தோறும் வரவு செலவு விவரம் பற்றுச்சீட்டுகளின் படங்களுடன் வெளியிடப்படும். தேவையான தொகை சேர்ந்தவுடன் நன்கொடை பெறுவதை நிறுத்திவிடுவோம். அதற்குப் பிறகு வந்துசேரும் தொகை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்படும். தொகை முழுவதும் சேராவிட்டால், சேர்ந்த அளவுக்கு முதல் பகுதிகளை மட்டும் முறையாகத் தயாரித்து வெளியிடுவோம்; ஒலியின் தரத்தைக் குறைத்து 12 பகுதிகளையும் ஒப்பேற்றமாட்டோம்.

நன்றியுடன்,
எல்டன் ரிங் தமிழ் வலையொலித் தொடரின் நன்கொடைக் குழுவினர்