குடோனில் கிடக்கும் ஸ்டூல்களை இறக்கித் தாருங்கள்: ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜவுளிக்கடை முதலாளிமார்களுக்கு,

வணக்கம். 17 வருடமாகப் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பூனம் புடவையில் தொடங்கி, காட்டன், சில்க் காட்டன் என்று ஏறி இப்போது பட்டுப் பிரிவில் நிற்கிறேன். இந்தச் சம்பளத்தில்தான் தம்பி டிப்ளமோ முடித்தான். ஊரில் அம்மாவுக்கு ஒழுகாத கூரை வந்ததும் இந்தச் சம்பளத்தில்தான். அந்த நன்றி மாறாமலேயே இதை எழுதுகிறேன்.

ஆடித் தள்ளுபடி முடிந்த மறுவாரம், எங்கள் கடையில் கைரேகை வைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ‘சோர்வு நீங்க இயற்கை வழிகள்’ என்று தலைப்பு. நிறையத் தண்ணீர் குடியுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், எட்டு மணி நேரம் தூங்குங்கள், கீரையும் பழமும் சேர்த்துக்கொள்ளுங்கள், உடம்பு சொல்வதைக் கேட்டு ஓய்வெடுங்கள் என்று அழகாக அச்சடித்திருந்தது. படித்து முடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. அதில் ஒரு வரியைக்கூட எங்களால் கடைப்பிடிக்க முடியாது என்பது ஒட்டியவர்களுக்கும் தெரியும்.

அந்த நோட்டீஸ் ஏன் வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தக் கடையில்தான் பிள்ளைகள் மயங்கி விழவில்லை? எங்கள் தளத்தில் விழுந்தவளுக்கு 19 வயது. தென்காசிப் பக்கத்துப் பிள்ளை, வேலைக்கு வந்து எட்டு மாதம். அன்று காலை ஒன்பதரைக்கு நின்றவள், சாப்பாட்டு பேட்ச் தள்ளித் தள்ளிப் போய், மாலை நாலு மணி வரை நின்றபடியே இருந்தாள். ஒரு குடும்பம் நாற்பது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டை எடுத்துக்கொண்டு போனது. மீதி முப்பத்தெட்டையும் மடித்து, கட்டாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேல் ரேக்கில் வைக்க ஏணியில் கால் வைத்தாள். “அக்கா, கண்ணு இருட்டிக்கிட்டு வருதுக்கா” என்று அவள் சொன்னது கேட்டுத் திரும்புவதற்குள் புடவைக் கட்டோடு சரிந்துவிட்டாள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, ஸ்டாக் ரூமில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுக்க வைத்தோம். அரை மணி நேரத்தில் திரும்ப கவுண்டருக்கு வந்து நின்றாள்.

இரண்டு நாள் கழித்து நான்தான் அவளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மாதவிலக்கு எத்தனை நாள் போகிறது, எப்போது சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்று அந்த டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கடைசியில், “எவ்வளவு நேரம்மா நிக்கிற?” என்று கேட்டார்கள். அவள் சொன்ன பதிலைக் கேட்டு, எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

நடப்பவருக்குக் கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் இறுகி, காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளிவிடும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்பவருக்கு அந்த வேலை நடக்காது. ரத்தம் காலிலேயே தேங்கும். கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும், மூளைக்குப் போவது குறைந்து தலை சுற்றும். இதை எனக்கு டாக்டரம்மா விளக்கினார்கள். ஆனால் எங்கள் விடுதிக்கு ஒரு ராத்திரி வந்து பார்த்தால் யாரும் விளக்கத் தேவையில்லை. பதினோரு மணிக்கு அறைக்குள் நுழைந்தால் ஒருத்தரும் பேச மாட்டோம். வரிசையாகத் தரையில் படுத்து, இடுப்பைச் சுவரோடு ஒட்டிக் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வோம். எட்டுப் பேருடைய பதினாறு பாதங்களும் சுவரில் இருக்கும். குதிகால் உரசி உரசி அந்த இடத்தில் சுண்ணாம்பு போய்விட்டது. என் இடது முழங்காலுக்குப் பின்னால் நரம்பு மண்புழு மாதிரி நெளிந்து கிடக்கிறது. அதற்கு வயது 11.

அதனால்தான் கேட்கிறேன். உட்கார ஒரு ஸ்டூல் கொடுங்கள்.

வாடிக்கையாளர் வரும்போது நாங்கள் உட்கார்ந்தே இருக்கப் போவதில்லை. புடவையை உட்கார்ந்துகொண்டு விரிக்க முடியாது என்பது உங்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தளத்தில் ஈ காக்கை இல்லாதபோதும், வெறும் கவுண்டருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஏன் நிற்க வேண்டும்? கட்டின் மேல் இரண்டு நிமிடம் உட்கார்ந்ததைக் கேமராவில் பார்த்துவிட்டு, மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் அனுபவித்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த அவமானம் கால் வலியைவிடப் பெரிது.

நோட்டீஸில் சொன்ன தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலைக்கு வரும் பெண் முதல் மாதத்தில் கற்றுக்கொள்வது, தண்ணீர் குடிக்காமல் இருப்பதைத்தான். நாங்கள் நிற்பது நாலாவது மாடி, எங்களுக்கான கழிப்பறை பேஸ்மென்டில். லிஃப்டில் ஏறக் கூடாது. ஒருத்தி போய்விட்டு வந்த பிறகுதான் அடுத்தவள் போகலாம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் சூப்பர்வைசர் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதுவும் எல்லோர் முன்னிலையிலும். அதனால் குடிப்பதில்லை. ஏசியில் தாகமும் தெரிவதில்லை. சாயங்காலம் ஆனால் தலை கனக்கும், வாய் உலர்ந்து பேச்சு குழறும். பலருக்கு நீர்க்கடுப்பு வருவதும் போவதுமாக இருக்கிறது. சீசனில் அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரை போட்டு நிற்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

சாப்பாடும் அப்படித்தான். காலையில் குளியலறை வரிசையில் நின்று ஓடி வரும்போது டீயும் பன்னும்தான். மத்தியானம் இருபது நிமிடம். அதில் பாதி படியிலேயே போய்விடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்துவிட்டு மேலே ஏறுவோம், அந்தத் தெம்பில்தான் மாலை வரை ஓடும். சாப்பாட்டோடு சேர்ந்து குடிக்கும் டீ, உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் ஒட்ட விடாது என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. டீயைத் தள்ளிக் குடி, சாப்பாட்டோடு ஒரு எலுமிச்சைத் துண்டோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள், இரும்பு மாத்திரையை விடாதே என்றார்கள். இப்போது எங்கள் அறையில் எல்லோரும் அப்படிச் செய்கிறோம். ஊருக்குப் போய் வருபவர்கள் எள்ளுருண்டையும் கம்பு மாவும் கொண்டுவருகிறார்கள். எங்களால் முடிந்ததை நாங்கள் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூறு பெண்கள் உங்கள் கடைக்கு வேலைக்கு வந்தால், பாதிப் பேர் வரும்போதே ரத்தம் குறைந்த உடம்போடு வருகிறார்கள் என்று அதற்குப் பொருள். அவர்களைச் ‘சோம்பேறி’ என்று திட்டினால் ரத்தம் ஊறாது. தைராய்டு குறைந்தாலும், சர்க்கரை கூடினாலும், பி12 குறைந்தாலும், மனம் உடைந்திருந்தாலும் உடம்பு இதே போலத்தான் ஓய்ந்து போகும். எது என்று பார்க்க அரசு மருத்துவமனையில் டாக்டரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். அதற்குப் போக அரை நாள் விடுப்புக் கேட்டால் சம்பளம் பிடிக்கிறீர்கள்.

சட்டத்தை எடுத்துக்காட்டிப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், நாலு மணி நேர வேலைக்கு மேல் போனால் ஒரு மணி நேரம் இடைவேளை விட வேண்டும் என்று இருக்கிறது. 2021இல் அதே சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடை கடையாக வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையல் தொழிலாளி முன்னால் நிற்க, கழிப்பறைக்கும் இருக்கைக்கும் வருடக்கணக்கில் போராடினார்கள். அதன் பலனாக 2018இல் கேரளத்தில் முதலில் வந்த உரிமை இது. நம் ஊரில் அதைச் சட்டமாகவே கையில் கொடுத்தார்கள், நாங்கள் அதைக் காலால் அனுபவிக்கவில்லை.

எங்கள் கடையிலும் ஸ்டூல் வாங்கினார்கள். பிளாஸ்டிக் ஸ்டூல், தளத்துக்கு ஆறு. தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வுக்கு வந்த அன்று கவுண்டருக்குப் பின்னால் இருந்தன. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, குடோனில் பழைய பொம்மைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். பொம்மைகூட அங்கே சாய்ந்து படுத்திருக்கிறது. பையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் ஆண்களுக்குத் தளத்துக்குத் தளம் சோபா இருக்கிறது. ஏழு மாடிக் கட்டடத்தில் எங்களுக்குத் தளத்துக்கு ஆறு ஸ்டூல் போட இடம் இல்லையா? நிற்பதுதான் மரியாதை என்று யார் சொன்னது? என்னிடம் புடவை எடுக்க வரும் அம்மாக்கள் பலர், “நீயும் கொஞ்சம் உக்காரேம்மா, எவ்வளவு நேரந்தான் நிப்ப” என்று தாங்களாகவே சொல்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத தயக்கம் உங்களுக்கு ஏன்?

கோபத்தில் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். உங்களில் எத்தனையோ பேர் சின்ன வயதில் துணி மூட்டை சுமந்து, கடைப்பையனாக நின்று மேலே வந்தவர்கள். கால் கடுக்க நின்ற ராத்திரிகள் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த நம்பிக்கையில்தான் அண்ணாச்சி என்று உங்களைக் கூப்பிடுகிறோம்.

அந்தத் தென்காசிப் பிள்ளை இப்போதும் என் பக்கத்தில்தான் நிற்கிறாள். மாத்திரை சாப்பிடுகிறாள், முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. ரத்தம் ஏற இன்னும் சில மாதம் ஆகும் என்றார்கள். அதற்குள் தீபாவளிக் கூட்டம் வந்துவிடும்.

அதற்கு முன்னால் செய்துதர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டுக்குச் சட்டம் சொன்ன ஒரு மணி நேரம் கொடுங்கள். கழிப்பறைக்குப் போய்வர யாரையும் கேட்காமல் போக விடுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், அந்த ஸ்டூல்களை இறக்கித் தாருங்கள். எங்கே இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், தூசி துடைத்து நாங்களே தூக்கிவந்து போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பட்டுப் பிரிவில் நிற்கும் ஒரு விற்பனைப் பெண்