பின்சக்கரத்தைக் கழற்ற ஒரு ஸ்பேனர்: நெடும்பயண பைக் நிறுவனங்களுக்குத் திறந்த மடல்

நெடுந்தூரப் பயணத்துக்கென்றே மோட்டார் சைக்கிள் தயாரித்து இந்தியாவில் விற்கும் நிறுவனங்களின் சர்வீஸ், உதிரிபாகப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

லடாக்கின் லே நகருக்குப் போகும் மலைச்சாலை திறந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் உங்கள் ஸ்பேர்ஸ் கவுன்ட்டர்களுக்கு ஒரே மாதிரியான பட்டியலோடு ஆட்கள் வருவார்கள். முன் டியூப் ஒன்று, பின் டியூப் ஒன்று, கிளட்ச் கேபிள், பிரேக் பேட் ஒரு செட், செயின் லாக் (செயினை இணைக்கும் கண்ணி). இந்த ஆண்டும் வந்தார்கள். இந்த ஆண்டும் அதே பதில்தான்: "ஸ்டாக் இல்லை சார், ஆர்டர் போட்டிருக்கோம், வந்ததும் கூப்பிடுறோம்." பெரும்பாலானவர்களுக்கு அந்த அழைப்பு வருவதற்குள் விடுமுறை முடிந்துவிடுகிறது. சிலர் உதிரிபாகம் இல்லாமலேயே கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இந்த மடல்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நடுவழியில் நின்ற வண்டியைத் திரும்ப ஓடவைக்கத் தேவையான கருவி, உதிரிபாகம், பழுதுநீக்கும் கையேடு ஆகிய மூன்றும் வண்டி வாங்கியவர் கைக்கு வரவேண்டும்.

பின்சக்கர பஞ்சரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் மற்ற பல குறைகளும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. இடம், மணாலி–லே சாலையில் பாங் தாண்டி மோரே சமவெளி. சுமார் 4,700 மீட்டர் உயரம், பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும். வண்டியில் கம்பிகள் கோத்த ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப். டயரில் ஆணி.

டியூப்லெஸ் டயராக இருந்தால் கவலையே இல்லை. ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை ரீமரால் துருவி, பசை தடவிய ரப்பர் பிளக்கை ஊசியில் கோத்து, ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்படி குத்தி, ஊசியை வெடுக்கென்று இழுக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டுக் காற்றடித்தால் வேலை முடிந்தது. சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். சாதாரண ஸ்போக் சக்கரத்தில் இது நடக்காது. ஸ்போக்குகளை இறுக்கும் நிப்பிள்கள், ரிம்மின் (சக்கரத்தின் வெளி வளையம்) நடுப்பள்ளத்தைத் துளைத்து நிற்பதால் அந்த வழியாகக் காற்று கசியும். அதற்காகத்தான் உள்ளே டியூப் போடுகிறீர்கள். ஸ்போக்குகளை ரிம்மின் இரு ஓரங்களிலும் மாட்டிவிட்டால் நடுப்பகுதியில் துளையே இருக்காது, டியூபும் தேவைப்படாது. இது உங்களுக்குத் தெரியாத வித்தை அல்ல. சில மாடல்களில் கூடுதல் விலைக்கு இதே சக்கரத்தை விற்கவும் செய்கிறீர்கள். மலைப்பாதைக்கென்று விளம்பரப்படுத்தும் வண்டியில் இது ஏன் கூடுதல் விலைக்கான பொருளாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவரை திருப்தியான பதில் வரவில்லை.

சரி, டியூப்தான் என்றாகிவிட்டது. முதல் வேலை சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குவது. பல மாடல்களில் சென்டர் ஸ்டாண்ட் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆக்சஸரி. அது இல்லாதவர், பைகளை எல்லாம் இறக்கிவிட்டு, முன் பிரேக்கைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, 200 கிலோ வண்டியை சைடு ஸ்டாண்ட் பக்கமாகச் சாய்த்து, எதிர்ப்பக்கம் ஸ்விங் ஆர்முக்கு (பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டம்) அடியில் கல்லையோ சாமான் பெட்டியையோ முட்டுக் கொடுக்க வேண்டும். தனி ஆளாக இதைச் செய்யும்போது வண்டி சரிந்தால் கால் உள்ளே மாட்டும்.

அடுத்தது ஆக்ஸில் நட், அதாவது சக்கரத்தின் அச்சை இறுக்கும் நட். மாடலைப் பொறுத்து 24 அல்லது 27 மில்லிமீட்டர். ஃபேக்டரியில் 70 முதல் 100 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கப்பட்டிருக்கும் அந்த நட் நீளமான பிடியுள்ள ஸ்பேனர் இல்லாமல் அசையாது. சீட்டுக்கு அடியில் நீங்கள் வைத்துக் கொடுக்கும் டூல்கிட்டைத் திறந்தால் ஆலன் கீயும் ஸ்க்ரூடிரைவரும்தான் இருக்கின்றன. முன்பெல்லாம் எளிய 100 சிசி வண்டியோடும் ஆக்ஸிலுக்கான ஸ்பேனர் வந்தது. இரண்டு லட்சம், மூன்று லட்சம் கொடுத்து வாங்கும் பயண வண்டியில் அது இல்லை என்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ஸ்பேனரைக் கையிலேயே கொண்டுபோனவருக்கும் வேலை சுலபமாக முடிவதில்லை. செயின் அட்ஜஸ்டரை இரண்டு பக்கமும் ஒரே அளவு தளர்த்தி, சக்கரத்தை முன்னே தள்ளி, செயினை ஸ்ப்ராக்கெட்டிலிருந்து இறக்கி, ஆக்ஸிலைத் தட்டி உருவ வேண்டும். உருவியதும் சக்கரத்தை நடுவில் நிறுத்தும் வளையங்களான இடப்பக்க ஸ்பேசரும் வலப்பக்க ஸ்பேசரும் மண்ணில் விழும். இரண்டும் ஒரே நீளம் இல்லாத மாடல்கள் உண்டு. மாற்றிப் போட்டால் சக்கரம் ஒரு பக்கம் தள்ளி நிற்கும், டிஸ்க் காலிப்பரில் (பிரேக் பேடுகளைத் தாங்கும் பாகம்) உரசும். காலிப்பர் பிராக்கெட்டில் இருக்கும் ஏபிஎஸ் சென்சர் வயரை இழுத்துவிடக் கூடாது. சக்கரம் வெளியே இருக்கும்போது பின் பிரேக்கை யாரும் மிதித்துவிடக் கூடாது. மிதித்தால் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே போகாது. இதில் எதுவும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஒரே ஒரு படம் போட்ட பக்கம் போதும். உரிமையாளர் கையேட்டில் அந்தப் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் "அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும்" என்ற வரிதான் இருக்கிறது. மோரே சமவெளியில் நிற்பவர் எந்த சர்வீஸ் சென்டரை அணுகுவார்? வெளி மாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. சாலையோர உதவித் திட்டத்துக்குப் பணம் கட்டியிருந்தாலும், அந்த சிம் மட்டுமே வைத்திருப்பவரால் அங்கிருந்து போன் போட முடியாது.

டயரைப் பிரிப்பது அடுத்த பாடு. ரிம்மில் ஒட்டிக்கொண்டிருக்கும் டயர் ஓரத்தை விடுவிக்க, இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை அதன்மேல் வைத்து அமுக்குவது பழகிய வழி. ஒரு பக்கம் டயரை நெம்பும் லிவர் போடும்போது எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்கிவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் பலத்தைக் காட்டினால் லிவர் வளையும், அல்லது உள்ளே போட்ட புது டியூபையே கடித்துவிடும். புது டியூபைச் சற்றே காற்றடித்து உருண்டையாக்கி, டால்கம் பவுடர் தடவிப் போட்டால் மடிப்பு விழாது. பழைய டியூபைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதைப் படிக்க வேண்டும். ஒற்றை ஓட்டை என்றால் ஆணியோ முள்ளோ. டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவித் தேடி எடுக்காவிட்டால் அடுத்த டியூபும் போகும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக இருந்து கல்லில் இடித்திருக்கிறது. வால்வு அடியில் பிய்ந்திருந்தால் குறைந்த காற்றில் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து டியூபையும் சேர்த்து இழுத்திருக்கிறது. அப்படி வால்வு பிய்ந்த டியூபை எந்தப் பஞ்சர் கடைக்காரராலும் ஒட்டித் தர முடியாது. புது டியூப்தான் வழி.

இப்போது கவுன்ட்டருக்கு வருவோம். இத்தகைய பல வண்டிகளில் முன்சக்கரம் 21 இன்ச். அந்த அளவு டியூப் நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைகளில் கிடைப்பது அரிது. 21 இன்ச் டியூபை அவசரத்துக்கு 17, 18 இன்ச் பின் டயரிலும் மடியாமல் பார்த்துப் போட்டு மெதுவாக ஓட்டிவிடலாம் என்பதால், அனுபவப்பட்டவர்கள் அந்த ஒன்றைத்தான் தவறாமல் பையில் வைப்பார்கள். அந்த ஒன்றுதான் பருவம் தொடங்கியதும் உங்கள் கவுன்ட்டரில் கிடைப்பதில்லை. ஜூனில் கேட்பார்கள் என்பது ஜனவரியிலேயே தெரிந்த விஷயம். அதே ஜனவரியில் ஸ்டாக் எடுத்து வைப்பதில் என்ன சிரமம்?

கிளட்ச் கேபிளும் இதே கதைதான். கையால் பிடிக்கும் கிளட்ச் லிவர் முனையில், கேபிள் நுனியிலுள்ள உருளைக்குப் பக்கத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். லிவர் கனமாகும், அட்ஜஸ்ட் செய்த மறுநாளே மறுபடி தளரும், அதுதான் எச்சரிக்கை. பழைய கேபிளோடு சேர்த்துப் புதுக் கேபிள் ஒன்றை முன்கூட்டியே ஓட்டிக் கட்டி, இரு முனையையும் தூசி போகாமல் டேப் சுற்றி வைத்துவிட்டால், அறுந்த இடத்தில் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். சில நூறு ரூபாய் பொருள். அதற்கும் வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கிறீர்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் இன்னொரு சுவரும் எழும்பிவிட்டது. கியர் போட்டதும் என்ஜின் அணைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேற்றுப் பாதையில் வந்த வண்டி என்றால் பெரும்பாலும் சைடு ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு அடைத்திருக்கும். ஸ்டாண்ட் இறங்கியிருப்பதாகவே வண்டியின் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிக் கழுவி, கனெக்டரைப் பிரித்துத் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் லாரியில் ஏற்றி மணாலிக்கு இறக்கிய வண்டிகள் உண்டு. என்ஜின் விளக்கு எரிந்தால் என்ன கோளாறு என்று படித்துச் சொல்லும் கருவி உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வெளியே எளிதில் கிடைப்பதில்லை. கோளாறைக் குறிக்கும் எண்ணையும் அதன் பொருளையும் மீட்டரிலேயே காட்டலாமே.

வண்டி விலையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். வேலைக்குப் போகவும் ஊருக்குப் போகவும் அதே ஒரு வண்டியை வைத்திருப்பவரும் ஆடம்பரக்காரர் பட்டியலில் சேர்ந்துவிட்டார். இன்சூரன்ஸ், சாலை வரி, கூடுதல் வாரண்டி என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகிறது. வரி அரசின் கையில் இருக்கிறது. அதற்கு உங்களைக் குறை சொல்வது நியாயமில்லை. இவ்வளவு கொடுத்து வாங்கிய வண்டிக்கு ஒரு டியூப் கிடைக்கவில்லை என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதைத்தான் கேட்கிறோம்.

சட்டத்தின் போக்கும் இந்தப் பக்கம்தான். உதிரிபாகங்களையும் பழுதுநீக்கும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது வேறு விஷயம். எது தவறு என்பது அன்றே எழுத்தில் வந்துவிட்டது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியபோது, விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள் ஆகியவற்றோடு வாகனங்களையும் சேர்த்தே அறிவித்தது. நீதிமன்றம் வரை போய்த்தான் ஒரு ஆக்ஸில் ஸ்பேனரை வாங்க வேண்டும் என்ற நிலைக்கு எங்களைத் தள்ள வேண்டாம்.

ஆகவே மரியாதையோடு திரும்பவும் கேட்டுக்கொள்கிறோம். பயண வண்டி என்று பெயரிட்டு விற்கும் ஒவ்வொரு மாடலோடும் ஆக்ஸில் ஸ்பேனர், இரண்டு டயர் லிவர், ஒரு டியூப் கொடுங்கள். சென்டர் ஸ்டாண்டை வண்டி விலைக்குள் சேருங்கள், அல்லது டியூப்லெஸ் சக்கரத்தைக் கூடுதல் விலையின்றிக் கொடுங்கள். சக்கரம் கழற்றுவது, கேபிள் மாற்றுவது, பேட் மாற்றுவது, செயின் தளர்வைச் சுமையோடும் சுமையின்றியும் சரிபார்ப்பது ஆகியவற்றுக்கான அளவுகளும் படங்களும் கொண்ட பழுதுநீக்கும் கையேட்டைத் தமிழ் உட்பட வட்டார மொழிகளில், போனில் இறக்கி இணையமில்லாமல் படிக்கும்படி வெளியிடுங்கள். டியூப், கேபிள், பேட், சென்சர், சுவிட்ச் ஆகியவை எந்தக் கவுன்ட்டரில் எத்தனை இருக்கின்றன என்று வீட்டிலிருந்தே பார்க்க வழி செய்யுங்கள். மே முதல் செப்டம்பர் வரை மணாலி, லே, ஸ்ரீநகர் கவுன்ட்டர்களில் அவை தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் சொந்தமாகச் சக்கரம் கழற்றியதற்காகவோ பஞ்சர் கடையில் மாட்டியதற்காகவோ வாரண்டி பறிபோகாது என்பதை வாரண்டிப் புத்தகத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

கையேட்டை வெளியிடப் புதிதாக எதையும் தயாரிக்க வேண்டியதில்லை. உங்கள் மெக்கானிக்குகளிடம் ஏற்கெனவே இருப்பதுதான். அதிலிருந்து தொடங்கினாலும் போதும். அடுத்த ஆண்டு சாலை திறப்பதற்குள் இவற்றில் எவற்றைச் செய்யப் போகிறீர்கள், எவற்றைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று பொதுவில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளில் நெடுந்தூரம் போகிறவர்கள்