பீரோவுக்குள் படக்கதைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புக் குழந்தைகளின் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் என 2022ஆம் ஆண்டு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும், அதன்பின் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் சிறு நூல்களைத் தந்த வாசிப்பு இயக்கமும் அரசுப் பள்ளிகளுக்குப் படக்கதைகளைக் கொண்டுவந்து சேர்த்தன. ஆனால் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், கிழிந்துவிட்டால் இருப்புப் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற அச்சத்தில் படநூல்கள் பீரோவைவிட்டு வெளியே வந்ததே இல்லை.

ஒருநாள் சாவியை வாங்கி, ஒரு நூலை இரண்டாம் வகுப்பில் விரித்தேன். எழுத்துக்கூட்டவே தயங்கும் ஒரு சிறுமி, வரிகளில் எங்கும் குறிப்பிடப்படாத பூனையின் வாலைப் படத்தின் ஓரத்தில் கண்டுபிடித்து, “இது மீன் கூடைக்குத்தான் போகுது டீச்சர்” என்றாள். அடுத்த பக்கத்தில் அப்படியே இருந்ததும், ‘மீன்’ என்ற சொல்லை அவளே விரல்வைத்துத் தேடத் தொடங்கினாள். வரிகளை மட்டும் ஒப்பிக்கச் சொல்லும் நமது வழக்கத்தில் (நானும் பல ஆண்டுகள் அதையே செய்தவள்தான்) இந்தத் தேடலுக்கு இடமில்லை.

குழந்தைகள் புரட்டிக் கிழிந்த நூல்களைப் பதிவேட்டிலிருந்து எளிதாகக் கழிவுசெய்யத் தலைமையாசிரியர்களுக்கு அதிகாரம் அளிக்கும் தெளிவான ஆணையைப் பள்ளிக் கல்வித் துறை பிறப்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை