போலாம் ரைட் சொல்வதற்கு முன்னால்

விமான நிறுவனத்தின் செயல்பாட்டுப் பிரிவுத் தலைவருக்கும், தரைப்பணி ஒப்பந்த நிறுவனத்தின் சென்னை மேலாளருக்கும், காக்பிட்டில் உட்காரும் கேப்டன்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் மழை கொட்டிய அந்த ராத்திரி, மீனம்பாக்கத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ரிப்போர்ட் உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. அதனால் தேதி, விமான எண் எதையும் திரும்ப எழுதவில்லை. ரிப்போர்ட்டில் வராததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இடது இறக்கைப் பக்கம், சைகை காட்டும் ஒளிக்கோலான வாண்ட் பிடித்து நின்றவன் நான்.

டிராக்டர் விமானத்தைப் பின்னால் தள்ளிவிடும் புஷ்பேக் முடிந்துவிட்டது. இரண்டு எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தன. பார்க்கிங் பிரேக் போட்டாயிற்று என்று கேப்டன் சொன்னதும், ஹெட்செட்டில் காக்பிட்டோடு பேசிக்கொண்டிருந்த அண்ணன், டிராக்டரையும் விமானத்தையும் இணைக்கும் டோ பாரைக் கழற்ற வைத்தார். டிராக்டர் விலகியது. நானும் இறக்கைப் பக்கத்திலிருந்து முன்னால் வந்து டிராக்டர் அருகே நின்றுகொண்டேன். அண்ணன் மூக்குச் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து, காக்பிட்டின் ஸ்டியரிங்கைத் துண்டித்து வைக்கும் பைபாஸ் பின்னை உருவினார். ஹெட்செட் கேபிளைக் கழற்றினார். கேபிள் செருகும் இடத்தின் மூடியை அழுத்தினார். மழையில் கை வழுக்கியிருக்க வேண்டும், மூடி பூட்டவில்லை. மறுபடி அழுத்தினார். அப்போது சக்கரம் உருண்டது.

வேகமாக ஒன்றும் இல்லை. ஒரு முழம், ஒன்றரை முழம் இருக்கும். கத்தினேன். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. நில் என்று இரண்டு வாண்டையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தேன். பிரேக் விழுந்து விமானத்தின் மூக்கு ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தது. அண்ணன் வெளியே வந்தபோது பின் அவர் கையிலேயே இருந்தது. அதற்குப் பிறகும் மனுஷன் முறைப்படி கேப்டனுக்குத் தெரியும் இடத்துக்கு நடந்துபோய், பின்னை உயர்த்திக் காட்டி, கட்டை விரலைத் தூக்கினார். காக்பிட்டில் ஒரு கை அசைந்தது. விமானம் போய்விட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். வாண்டோடு முன்னால் வந்து நின்ற என்னைப் பார்த்துத்தான் வேலை முடிந்துவிட்டது என்று கேப்டன் நினைத்தாரோ என்னவோ. தூக்கம் வராத ராத்திரிகளில் அதையேதான் யோசிக்கிறேன். அந்த ராத்திரி விடிந்ததும் முதல் மெட்ரோவில் ஏறினேன். தண்டையார்பேட்டையில் இறங்க வேண்டியவன், கண்ணைத் திறந்து உட்கார்ந்தபடியே விம்கோ நகர் வரை போய்விட்டேன்.

மறுநாள் அண்ணனுக்கு மெமோ வந்தது. டோ பார் கழற்றியது முதல் சிக்னல் கொடுத்தது வரை வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாராம். 4 நிமிடத் தாமதத்துக்கு யார் காரணம் என்று குறிக்கும் டிலே கோடும் தரைப்பணி கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. கேப்டனிடம் என்ன கேட்டார்கள், கேட்டார்களா என்பதே எங்களுக்குத் தெரியாது. இதில் பெரிய கொடுமை என்னவென்றால், நடந்ததை மறைக்காமல் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தவரே அண்ணன்தான். இனிமேல் விமானங்கள் நிற்கிற இந்த ராம்ப்பில் எவன் எழுதித் தருவான்?

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பின்னைக் கண்ணால் பார்க்காமல், கட்டை விரல் உயராமல் விமானம் ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த சட்டம் இல்லை. உங்கள் கையேட்டிலேயே இருப்பதுதான். பைபாஸ் பின் மாட்டியிருக்கும் வரை மூக்குச் சக்கரத்தின் ஸ்டியரிங் காக்பிட்டுக்குக் கட்டுப்படாது, டிராக்டர் திருப்புகிற பக்கம் திரும்பும். பின்னை உருவிய பிறகுதான் ஸ்டியரிங் கேப்டன் கைக்குப் போகிறது. ஆகவே சிவப்பு நாடா தொங்கும் அந்தப் பின்னைத் தூக்கிக் காட்டுவது சலாம் போடுவது இல்லை. 'இனி வண்டி உங்களுடையது, கீழே ஆள் இல்லை' என்று சொல்வது.

ராம்ப்பில் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தருவது, விமானத்தின் வயிற்றில் சிவப்பு பீக்கன் மின்னினால் கிட்டே போகாதே என்பது. எஞ்சின் ஓடுகிறது அல்லது ஓடப் போகிறது என்று அதற்கு அர்த்தம். அந்த விளக்கைப் பார்த்து எல்லோரும் விலகி ஓட வேண்டும். ஆனால் டோ பாரைக் கழற்றுகிறவரும் ஹெட்செட்காரரும் மட்டும் அதே விளக்குக்கு அடியில் நின்று வேலையை முடித்தாக வேண்டும். காக்பிட்டில் உட்கார்ந்தால் மூக்குச் சக்கரம் தெரியாது. கேபிளைப் பிடுங்கிய பிறகு கீழே இருப்பவருக்கு வாயும் இல்லை, கைதான் வாய். அந்தக் கை உயரும் வரை காத்திருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

என் அப்பா துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்தவர். கப்பலில் சரக்கு இறக்கும் திறப்பான ஹேட்ச் ஓரமாக நின்று, தூக்கும் எந்திரத்தை ஓட்டும் வின்ச்மேனுக்குக் கை காட்டுவது அவர் வேலை. வின்ச்சில் இருப்பவருக்கு அடியில் மூட்டை அடுக்குகிற ஆள் தெரியமாட்டார், அப்பாவின் கை மட்டும்தான் தெரியும். அப்பா கையை இறக்கி 'ஆரியா' என்று குரல் கொடுத்தால்தான் சரக்கு இறங்கும். மேஸ்திரி கத்தினாலும் சரி, கப்பல் கிளம்ப நேரமானாலும் சரி, அந்தக் கைக்கு முன்னால் எதுவும் நகராது. படிப்பு ஏறாத ராயபுரத்துக்காரர்கள் அவர்கள். அவ்வளவு ஏன், திருவொற்றியூர் பஸ்ஸில் கண்டக்டர் 'போலாம் ரைட்' சொல்லாமல் டிரைவர் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கமாட்டார். பல கோடி ரூபாய் விமானத்துக்கு அந்த மரியாதைகூட இல்லையா?

2015 டிசம்பர் 16 ராத்திரி மும்பையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஹைதராபாத் கிளம்பிய விமானம். புஷ்பேக் முடிந்த நேரம். அருகில் நின்ற டெக்னீஷியனை எஞ்சின் இழுத்துக்கொண்டது. துணை விமானி சிக்னலைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று அப்போதே செய்திகள் வந்தன. 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் அலபாமாவில், வந்து நின்ற விமானத்தின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ராம்ப் தொழிலாளி கிட்டே போய் இறந்தார். எஞ்சின் அணைந்து பீக்கன் நிற்கும் வரை கிட்டே போகாதீர்கள் என்று அங்கே விமானம் வருவதற்கு முன்பே கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். அப்படியும் போயிற்று ஓர் உயிர். அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கு அங்கே விதித்த அபராதம் 15,625 டாலர். இங்கே எங்கள் தலைக்கு என்ன விலை போட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் வீட்டில் சொல்லிவைக்கலாம்.

பாதுகாப்பு வாரம் கொண்டாடுகிறீர்கள், நல்லது. போன தடவை தண்ணீர் பாட்டில் கொடுத்தீர்கள், அதற்கு முன்னால் தொப்பி. உறுதிமொழி வாசித்துப் போட்டோ எடுத்துக்கொண்டோம். ஆனால் மழைக்கோட்டு நான்கு பேருக்கு இரண்டு. ஹெட்செட்டில் ஒரு காது கரகரக்கிறது என்று எழுதிக் கொடுத்தால், இருப்பதை வைத்து ஓட்டுங்கள் என்று பதில் வருகிறது. ஆள் பற்றாத நாளில் ஒரு ஷிஃப்ட் முடித்தவனையே அடுத்த ஷிஃப்டுக்கும் நிறுத்துகிறீர்கள். அவன் கை சற்று மெதுவாக நகர்ந்தால் மெமோ. மேலே காக்பிட்டில் இருப்பவர்களுக்கு டியூட்டி நேரத்துக்கு வரம்பு வைத்து, மீறினால் கேள்வி கேட்கிறார்கள். கீழே இருப்பவனுக்கு எஞ்சின் என்ன கருணை காட்டுமா?

மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போய்விட்டது. மழைக்கோட்டு கேட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்காரவில்லை.

கேப்டன்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மீது எங்களுக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் உங்களுக்கும் டவரிலிருந்து ஓடுபாதை நோக்கி நகர்வதற்கான டாக்ஸி அனுமதி காதில் விழுந்துகொண்டிருக்கிறது, பின்னால் இன்னொரு விமானம் காத்திருக்கிறது, தாமதமானால் உங்களிடமும் காரணம் கேட்கிறார்கள் என்று தெரியும். டவர் கொடுக்கும் அனுமதி பாதைக்குத்தான். சக்கரத்துக்கு அடியில் யார் குனிந்திருக்கிறார் என்று டவருக்கும் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் கையில் பின்னோடு வெளியே வருபவர்தான். தயவுசெய்து அவரைப் பாருங்கள். அவர் தெரியவில்லை என்றால், வரும் வரை நில்லுங்கள்.

ஐயா, அண்ணனுக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த 4 நிமிடத்தைத் தரைப்பணி கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். அன்று நடந்ததைப் பைலட்டுகளும் ராம்ப் ஆட்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்ய வேண்டும். இதுவரை அவர்கள் முகத்தை நாங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமாக மட்டும்தான் பார்த்திருக்கிறோம். பின்னைப் பார்க்காமல் நகரக் கூடாது என்பதை அந்த அறையில் இரண்டு தரப்பின் காதிலும் விழும்படி நீங்களே சொல்ல வேண்டும்.

அண்ணன் விளக்கம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அதற்குள் பதில் வந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
இரவு ஷிஃப்ட் ராம்ப் பணியாளர் ஒருவர்,
தண்டையார்பேட்டை.